தேங்காய் எழாத இடம்

தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போடப் போகிறார்கள் என்றால், ரிக் வண்டிக்குச் சொல்வதற்கு முன்னால் தண்ணீர் பார்ப்பவருக்கு ஆள் போகும். வந்தவர் செருப்பைக் கழற்றி வரப்போரம் விடுவார். குடுமியோடு இருக்கும் முழுத் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, பாக்கு மரங்களுக்கு நடுவே ஒவ்வோர் அடியாக எடுத்து வைப்பார். தோட்டத்துக்காரர் பேசாமல் பின்னால் வருவார். ஓரிடத்தில் தேங்காய் அசையும். மெல்ல நிமிர்ந்து, குடுமி வானத்தைப் பார்க்க நிற்கும். "இங்கெ ஒரு கல்ல நடுங்க. நானூறு அடிக்குள்ள ஒண்ணு, எழுநூறுல ஒண்ணு." சிலர் கையில் தேங்காய்க்குப் பதில் கவட்டையான வேப்பங்குச்சி, சிலரிடம் வளைத்த செம்புக் கம்பி.

பிறகு திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கும். கம்ப்ரசர் உறும ஆரம்பித்தால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் வேலியோரம் கூடிவிடுவார்கள். முதலில் மண் வரும், கேசிங் பைப் இறங்கும், அப்புறம் பாறைப் பொடி. பொடி ஈரமானால் எல்லோர் முகமும் மாறும். கடைசிவரை புகையாகவே பறந்தால், அடிக்கு இவ்வளவு என்று பேசிய காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தண்ணீர் பார்ப்பவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஏறத்தாழ ஒன்றுதான்: "அவரு பாத்தாப் பத்துக்கு எட்டு தப்பாதுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு புள்ளியியல் என்ன செய்யும் என்று பார்க்கலாம். கேலிக்காக அல்ல. ஆயிரம் அடிக்குக் கடன் வாங்கித் துளை போடுகிறவர் யாரையாவது நம்பித்தான் ஆகவேண்டும். அந்த நம்பிக்கையை எண்ணிப் பார்க்க முடியுமா என்பதே கேள்வி.

பத்துக்கு எட்டு என்று காதில் விழுந்ததும் நம் மனம் அதைப் பரீட்சை மார்க்காக எடுத்துக்கொள்கிறது. எண்பது சதவீதம், நல்ல மார்க். புள்ளியியல்காரர் அங்கேயே கையை நீட்டித் தடுத்து, யாரும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு துளைத்தால் பத்துக்கு எத்தனை தேறும் என்று கேட்பார். அது தெரியாமல் எட்டு என்பதற்கு அர்த்தமே கிடையாது.

கொங்கு நாட்டின் மண்ணுக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. ஆறு போல ஓடும் தண்ணீர் அதற்குள் இல்லை. மேலே சிதைந்த பாறையின் துளைகளிலும், கீழே பாறை விரிசல்களிலும்தான் நீர் தங்குகிறது. ரிக் ஓட்டுகிறவர்கள் 'கேப்' என்று சொல்வது அந்த விரிசலைத்தான். விரிசல் பிடிபட்டால் தண்ணீர், இல்லாவிட்டால் புகை. தொண்டாமுத்தூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், நொய்யல் படுகையில் இருக்கிறது. மலையோரம் மழை கூடுதல். மலையிலிருந்து கழுவி வந்த மண் கனமாகப் படிந்திருப்பதால் மழைநீர் உள்ளே இறங்க வழியும் உண்டு. கிழக்கே சூலூர், பல்லடம் என்று போகப் போக மழை குறைகிறது. ஆகவே ஒரே ஆள் நரசிபுரத்தில் பார்த்தால் கிடைக்கும் மார்க்கும் பல்லடத்தில் பார்த்தால் கிடைக்கும் மார்க்கும் வேறாகவே இருக்கும். தேங்காயில் எந்த மாற்றமும் வேண்டியதில்லை.

ஒரு பேச்சுக்கு, மலையோரத்தில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே பத்துக்கு ஏழு தேறும் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் திறமையும் இல்லாத ஒருவர் பத்து இடம் காட்டுகிறார். அவருக்குச் சரியாக ஏழுதான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. அதிர்ஷ்டம் கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். எவ்வளவு ஆடும் என்று சொல்வதற்குத்தான் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நாம் படித்து மறந்த ஈருறுப்புப் பரவல். அதைப் போட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட நூறு பேரில் எழுபது பேர் ஆறு, ஏழு, எட்டு என்ற மூன்று எண்களுக்குள் விழுவார்கள். பதினைந்து பேர் ஐந்திலோ அதற்குக் கீழோ. மீதிப் பதினைந்து பேர் ஒன்பதோ பத்தோ எடுப்பார்கள். எட்டோ அதற்கு மேலோ எடுப்பவர்கள் நூற்றுக்கு 38 பேர். திறமை துளியும் இல்லாதவர்களில் ஐந்துக்கு இரண்டு பேர் 'பத்துக்கு எட்டு தப்பாது' என்ற பெயரைச் சம்பாதித்துவிடுகிறார்கள்!

பத்துக்குப் பத்து எடுத்தவர்? 0.7-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.028. நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. இப்போது சற்று நிமிர்ந்து உட்காரலாம். கருதுகோள் சோதனை என்பதன் சாரம் இவ்வளவுதான். 'இவரிடம் விசேஷமாக ஒன்றுமில்லை' என்று முதலில் வைத்துக்கொள்வது. அதன் பெயர் இன்மைக் கருதுகோள். அது உண்மையானால் இப்படியொரு மார்க் வருவது எவ்வளவு அபூர்வம் என்று கணக்கிடுவது. மிகவும் அபூர்வம் என்றால் அந்த எண்ணத்தைக் கைவிடுவது. எவ்வளவு அபூர்வமாக இருந்தால் கைவிடலாம் என்பதற்கு இருபதுக்கு ஒன்று என்ற எல்லைக்கோட்டை 1925-இல் வந்த தன் புத்தகத்தின் வழியே பரப்பியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் உரத்துக்கும் மழைக்கும் விளைச்சலுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். இருபது என்பதில் இயற்கையின் ரகசியம் எதுவும் இல்லை, வசதிக்காகப் போட்ட கோடு.

அவர் போட்ட கோடு கோயம்புத்தூரில் இன்றும் தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது. தொண்டாமுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடக்கூடிய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பயிர்ச் சோதனை ஆய்வேடு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். விளைச்சல் அட்டவணைகளின் அடியில் எஸ்.ஈ.டி. (வித்தியாசத்தின் திட்டப் பிழை), சி.டி. (இருபதுக்கு ஒன்று என்ற கோட்டின்படி தாண்ட வேண்டிய வித்தியாசம்) என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டு ரகங்களின் விளைச்சல் வித்தியாசம் அந்த சி.டி.யைத் தாண்டினால்தான் ரகம் ஜெயித்தது என்று பேச்சு. தாண்டாவிட்டால், ஏக்கருக்கு இரண்டு மூட்டை கூடுதலாகக் கண்டாலும் அது பாத்தியின் அதிர்ஷ்டமாக இருக்கலாம் என்று விட்டுவிடுவார்கள். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதையும் ஆராய்ச்சியாளர் தன் இஷ்டத்துக்குத் தீர்மானிக்க முடியாது. குலுக்கித்தான் போட வேண்டும், அதுவும் ஃபிஷர் கேட்டதுதான். நல்ல மண்ணைத் தனக்குப் பிடித்த ரகத்துக்குத் தெரியாமலே கொடுத்துவிடும் கையைக் கட்டிப்போடுகிற ஏற்பாடு அது.

மறுபடி நம் பத்துக்குப் பத்து ஆளிடம் வருவோம். தொண்டாமுத்தூரைச் சுற்றித் தண்ணீர் பார்ப்பவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்குக்கு வைப்போம். நாற்பது பேருக்கும் திறமை பூஜ்யம். ஆளுக்குப் பத்து இடம் காட்டுகிறார்கள். அவர்களில் ஒருவராவது பத்துக்குப் பத்து எடுப்பதற்கான நிகழ்தகவு 68 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புக்கும் மேல். அவர் யார் என்று முன்கூட்டித் தெரியாதே தவிர, அப்படி ஒருவர் இருப்பார் என்பது கிட்டத்தட்ட எதிர்பார்க்க வேண்டியதுதான். ஊர் யாருடைய பெயரைச் சொல்லும்? அவருடைய பெயரைத்தான். பத்தில் ஐந்து எடுத்தவர் தேங்காயைக் கடைக்குப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். ஆகவே நம் காதுக்கு வந்து சேரும் புகழ் ஏற்கெனவே சல்லடையில் சலித்தது. பங்குச் சந்தை ஜோசியர்களும் தேர்தல் முடிவைச் சரியாகச் சொன்னவர்களும் இதே சல்லடையில்தான் தங்குகிறார்கள்.

தேறியது என்று எதைச் சொல்வது என்பதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. துளையிலிருந்து வெளிவரும் தண்ணீரை இஞ்சில் சொல்வது வழக்கம். ஆங்கில வி எழுத்துப் போல வெட்டிய தகட்டின் வழியாக அதை ஓடவிட்டு எத்தனை இஞ்சு உயரத்துக்கு நிற்கிறது என்று பார்ப்பார்கள். ஒரு இஞ்சுக்கு இரண்டு இஞ்சு இரண்டு மடங்கு என்று நினைத்தால் தப்பு. உயரம் கூடக் கூட வெட்டும் அகலமாகிறது, தண்ணீரின் வேகமும் ஏறுகிறது. செங்கோண வெட்டாக இருந்தால் ஒரு இஞ்சுக்கு மணிக்கு ஏறத்தாழ 500 லிட்டர், இரண்டு இஞ்சுக்கு ஏறத்தாழ 2,900, மூன்று இஞ்சுக்கு 8,000. ஐந்து போர்களில் நான்கில் ஒரு இஞ்சும் ஒன்றில் மூன்று இஞ்சும் வந்தால் சராசரி மணிக்கு 2,000 லிட்டர். ஐந்து பேரில் ஒருவர் தோட்டத்திலும் 2,000 லிட்டர் ஓடவில்லை! கடினப் பாறையில் போர்த் தண்ணீரின் பரவல் இப்படித்தான். மனிதர்களின் உயரம் போல நடுவில் குவிந்து இருபுறமும் சரியும் மணி வடிவம் அதற்கு வராது. கொஞ்சமாக வருபவை கூட்டமாக இடப்பக்கம் இருக்க, வாரி வழங்கும் ஒன்றிரண்டு வலப்பக்கம் எங்கோ தூரத்தில் நிற்கும். பேச்சில் அடிபடுவது அந்த ஒன்றிரண்டுதான். வீட்டுச் செலவுக்கு ஒரு இஞ்சு வெற்றி. இரண்டு ஏக்கர் வாழைக்கு அது தோல்வி. கோட்டை எங்கே கிழிக்கிறோம் என்று துளைப்பதற்கு முன்பே எழுதி வைக்காவிட்டால், பிற்பாடு எதையும் வெற்றி என்று சொல்லிவிடலாம்.

சரி, நேராகச் சோதித்துப் பார்த்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அருகே 1987–88-இல் ஒரு பழைய தானியக் கொட்டகையில் பெரிய சோதனை நடந்தது. கீழ்த்தளத்தில் ஒரு வண்டியின் மேல் தண்ணீர் ஓடும் குழாய். அதைப் பத்து மீட்டர் கோட்டில் எங்கே நிறுத்துவது என்பதைச் சமவாய்ப்பு எண்கள் தீர்மானித்தன. மேல்தளத்தில் குச்சியோடு நடந்தவர் குழாய்க்கு நேர் மேலே நிற்கவேண்டும். நூற்றுக்கணக்கானவர்களிலிருந்து பொறுக்கியெடுத்த 43 பேர், மொத்தம் 843 முயற்சிகள். சோதனை நடத்தியவர்கள், பெரும்பாலோர் தேறவில்லை, ஆனால் ஒரு சிலரிடம் அசாதாரணத் திறமை தெரிகிறது என்று அறிவித்தார்கள். அமெரிக்க உயிரியலாளர் ஜிம் என்ரைட் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். அந்த ஒரு சிலர், சோதனை முடிந்த பிறகு கூட்டத்திலிருந்து பொறுக்கப்பட்டவர்கள். நாம் பார்த்த அதே சல்லடை. நடக்கவே நடக்காமல் ஒவ்வொரு முறையும் 'நடுவில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சோம்பேறியோடு ஒப்பிட்டால், இருப்பதிலேயே சிறந்தவர் சராசரியாக 4 மில்லிமீட்டர்தான் நெருங்கியிருந்தார். பத்து மீட்டரில் நான்கு மில்லிமீட்டர்.

அப்படியானால் தேங்காய் எழுவது நடிப்பா? பெரும்பாலும் இல்லை. மனத்தில் எதிர்பார்ப்பு இருந்தால் தசைகள் நமக்குத் தெரியாமலே நுண்ணிதாக அசையும் என்று 1852-இலேயே ஆங்கில உடலியலாளர் வில்லியம் கார்ப்பென்டர் விளக்கியிருக்கிறார். விழுமோ நிற்குமோ என்ற நிலையில் உள்ளங்கையில் இருக்கும் தேங்காய்க்கு அந்த அசைவு தாராளம். பிடித்திருப்பவர் கண்ணுக்கும் அது தானாகவே எழுகிறது.

மியூனிக் நம் ஊருக்கு ரொம்ப தூரம், கொட்டகைக் குழாயும் பாறை விரிசலும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு இலங்கை இருக்கிறது. இலங்கையின் பெரும்பகுதியும் கொங்கு நாட்டைப் போலவே பழைய கடினப் பாறைதான். ஜெர்மன் உதவித் திட்டத்தின் கீழ் அங்கே குடிநீருக்காகக் குழாய்க் கிணறுகள் போட்டபோது ஹான்ஸ் ஷ்ரோட்டர் என்பவர் குச்சியோடு இடம் காட்டினார். இயற்பியலாளர் ஹான்ஸ்-டீட்டர் பெட்ஸ் 1995-இல் வெளியிட்ட கணக்குப்படி 691 துளைகளில் 96 சதவீதம் வெற்றி.

எடுத்த எடுப்பில் மலைக்க வைக்கும் எண். இதை நம் முறையில் உரசிப் பார்ப்போம். கண்ணை மூடிப் போட்டால் பாதிதான் தேறும் என்றால், 691-இல் 345 எதிர்பார்க்கலாம். அதிர்ஷ்டத்தின் வழக்கமான அலைவு அதன் இருபுறமும் 13. கிடைத்ததோ 663. இருபத்து நான்கு அலைவுக்கு அப்பால். அதிர்ஷ்டம் என்று சொல்ல வாயே வராது. கண்ணை மூடிப் போட்டாலே 90 சதவீதம் தேறும் என்றால், எதிர்பார்ப்பு 622, அலைவு 8. அப்போதும் ஐந்து அலைவு தள்ளி நிற்கிறது, அபூர்வம்தான். 95 சதவீதம் தேறும் என்றால் எதிர்பார்ப்பு 656, அலைவு 6. அப்போது 663 என்பது ஒரே ஓர் அலைவு தூரம், சாதாரணம். ஆக, அதிசயமா சாதாரணமா என்பதை முடிவு செய்வது அந்த 96 இல்லை. பக்கத்திலேயே குச்சி சொல்லாத இடங்களிலும் துளைத்துப் பார்த்திருந்தால் கிடைத்திருக்கும் இன்னோர் எண். அந்தத் துளைகளை யாரும் போடவில்லை.

அடிப்படை எண் கிடைத்து, இன்மைக் கருதுகோள் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் குச்சிக்கு வேலை முடியவில்லை. சோதனை சொல்வது 'இது வெறும் அதிர்ஷ்டமல்ல' என்பதை மட்டும். எதனால் என்று அது சொல்லாது. ஷ்ரோட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவில்லை. நம்மூர்க்காரரும் அப்படித்தான். சரிவு எந்தப் பக்கம், கோடையிலும் பச்சை விடாத மரம் எது, கறையான் புற்று எங்கே, பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் வந்தது என்று முப்பது வருஷமாகப் பார்த்த கண் அவருக்கு. மரத்தையும் புற்றையும் வைத்து நிலத்தடி நீரைக் கணிப்பதற்கு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. கண் வேலை செய்து, பெயர் தேங்காய்க்குப் போயிருக்கலாம். இரண்டையும் பிரிக்க வேண்டுமானால், கண்ணைக் கட்டிக்கொண்டு தேங்காயோடு ஒரு முறை, தேங்காய் இல்லாமல் கண்ணோடு ஒரு முறை என்று அவரையே இரண்டு விதமாக நடக்க விடவேண்டும். எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

மிஷின் வைத்துப் பார்ப்பவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது. தரையில் நான்கு கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, நிலம் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் முறைக்கு இயற்பியல் அடிப்படை உறுதியாக உண்டு. ஈரமான, சிதைந்த பாறையில் மின்தடை குறையும். ஆனால் ஒரு குறிப்பிட்ட மிஷின்காரர் காட்டிய பத்தில் எட்டு தேறியது என்றால், அந்த எட்டுக்கும் அதே கேள்விதான்: யாரும் பார்க்காவிட்டால் எத்தனை?

இங்கேதான் மொத்த விஷயமும் முட்டிக்கொண்டு நிற்கிறது. நியாயமான அட்டவணைக்கு நான்கு கட்டங்கள் வேண்டும். தேங்காய் எழுந்த இடத்தில் தண்ணீர் வந்தது, வரவில்லை. தேங்காய் எழாத இடத்தில் தண்ணீர் வந்தது, வரவில்லை. ஊருக்குத் தெரிந்தது முதல் இரண்டு கட்டம் மட்டும். தேங்காய் படுத்தே கிடந்த இடத்தில், வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி, கணக்குக்காகப் போர் போடுகிற தோட்டத்துக்காரர் உலகத்தில் எங்கும் இல்லை. பல்கலைக்கழகத்துப் பாத்தியில் குலுக்கிப் போடலாம், தோட்டத்தில் குலுக்கிப் போட முடியாது.

ஆனால் யாரும் நினைக்காத ஒரு வழியில் கோவைக்காரர்கள் அந்தக் காலிக் கட்டங்களைப் பல வருஷமாக நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். வடவள்ளியிலிருந்து தொண்டாமுத்தூர் வரை பல தோட்டங்கள் சைட்டுகளாகிவிட்டன. வீடு கட்டுகிறவரில் எத்தனையோ பேர் போர் போடும் இடத்தைத் தண்ணீரைக் கேட்டு முடிவு செய்வதில்லை, வாஸ்துவைக் கேட்டு முடிவு செய்கிறார்கள். வடகிழக்கு மூலை, ஈசானி மூலை. பாறையில் விரிசல் எங்கே ஓடுகிறது என்பதற்கும் ஒரு சைட்டின் வடகிழக்கு மூலை எங்கே விழுகிறது என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. லே-அவுட் போட்டவர் கோடு கிழித்த விதம்தான் அந்த மூலையைத் தீர்மானித்தது. ஃபிஷர் கேட்ட குலுக்கலுக்கு இதைவிடப் பக்கத்தில் வரக்கூடியது எதுவும் ரிக் வண்டிக்குக் கிடைக்காது. வாஸ்து நம்பிக்கை, தனக்கே தெரியாமல், தேங்காய் நம்பிக்கைக்கு ஒப்பீட்டுக் குழுவைத் தயார் செய்து வைத்திருக்கிறது!

எத்தனை போர் தேவைப்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஈசானி மூலையில் பத்துக்கு ஏழும், தேங்காய் காட்டிய இடத்தில் உண்மையிலேயே பத்துக்கு எட்டும் தேறுவதாக வைத்தால், அந்த வித்தியாசம் ஐந்துக்கு நான்கு முறையாவது நம் சோதனையில் பிடிபட ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 300 போர்களின் கணக்கு வேண்டும். பத்து போரை வைத்து ஒருவரைத் தலையில் தூக்கி வைத்தது எவ்வளவு அவசரம் என்பது இந்த எண்ணில் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்துப் போர்கள் ஒரே விரிசலில் குடிப்பதால் அவற்றைத் தனித்தனிச் சாட்சியாக எண்ண முடியாது. அதற்காக இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். மலையோரத்தை மலையோரத்தோடும், சமதளத்தைச் சமதளத்தோடும்தான் ஒப்பிட வேண்டும். வீட்டுப் போரானாலும் தோட்டத்துப் போரானாலும் வெற்றிக்கு ஒரே இஞ்சு.

புதிதாக ஆளனுப்பிச் சேகரிக்க வேண்டியதும் அதிகமில்லை. மொத்தம் எத்தனை அடி, கேசிங் எத்தனை அடி என்று ரிக் வண்டிக்காரர் பில் புத்தகத்தில் எழுதியே ஆகவேண்டும், கூலி அதை வைத்துத்தான். எத்தனை அடியில் ஈரம் கண்டது, எத்தனை இஞ்சு வந்தது என்பது அந்த இடத்திலேயே எல்லோருக்கும் தெரிகிற சங்கதி, பில்லின் ஓரத்தில் குறித்துவிடலாம். அதே பில்லில் இன்னும் இரண்டு கட்டம் அச்சடித்துவிட்டால் போதும்: இடம் பார்த்தது யார், எதைக் கொண்டு பார்த்தார். ரிக் டிரைவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைக்கவேண்டும். 'யாரும் பார்க்கவில்லை, ஈசானி மூலை' என்று வீட்டுக்காரர் சொன்னால் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாமல் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும், புகை மட்டும் வந்த போருக்கும் சேர்த்து.